கருப்பையகத் தசைமுளையும் மன்னார் மகளிரும்

மன்னார்க் கரையில் வாழ்வார்க்கு முருகைக்கல் புதியதன்று. அக்கல்லைத் தன் உடலைச் சூழக் கட்டியெழுப்பும் நுண்ணிய கடலுயிரைப் பொலிப்பு என உயிரியல் நூலார் வழங்குவர். 'பல காலுடையது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். பண்டைக் கிரேக்கர் எட்டுக் காலுடைய கணவாயை முதலில் அப்பெயராற் குறித்தனர். பின்னர் அவர்தம் வைத்தியர், மூக்கினுள் வளர்ந்து தொங்கும் மெல்லிய தசையைக் கண்டு அதற்கும் அதனையே பெயராக்கினர். கடலிலிருந்து மூக்கிற்கு வந்த பெயர், காலப்போக்கிற் குடலுக்கும் கருப்பைக்கும் சென்றது. இக்கட்டுரை கருப்பையினுள் முளைக்கும் பொலிப்பைப் பற்றியது. தமிழில் அதனைத் தசைமுளை எனக் கூறுதல் பொருந்தும். கட்டி என்னும் சொல் கேட்டாரை அஞ்சுவிக்கும். முளை என்பது அதன் வடிவையும் வளரும் முறையையும் ஒருங்கே உணர்த்தும்.

வைத்தியர் எழுதவேண்டிய பொருளை ஆசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தது ஏனெனின், இந்நோயில் வைத்தியர் செய்யவேண்டியதை அவர் செவ்வனே செய்வர். நோயாளி வைத்தியரிடம் சென்றடைவதே அரிதாக உள்ளது. அவ்வருமை பெரிதும் அறியாமையாலும் நாணத்தாலும் வருவது. அறியாமையைக் களைதல் ஆசிரியர் தொழிலின்பாற்பட்டதே. அன்றியும், இம்மலரைப் படிப்போருள் ஆடவரே மிகுதி. தாயும் தமக்கையும் மனைவியும் வாய்திறந்து சொல்லாததை ஆடவர் அறிந்திருப்பது தகாது என்பார் சிலர்; அவர் கூற்றை யான் ஏலேன்.

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படை போர்த்தியுள்ளது. அதனை அகவணி என்க. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் திங்கள்தோறும் அதனைத் தடிக்கச் செய்கிறது. சூல் வெளிப்பட்டபின் சுரக்கும் புரொஜெஸ்தரோன் அதன் வளர்ச்சியை நிறுத்தி முதிரச் செய்கிறது. கரு தங்காவிடின் ஓமோன்கள் இரண்டும் குறைய, மேற்படை உதிர்ந்து குருதியோடு வெளிப்படுகின்றது. இதுவே மாதவிடாய். இவ்வகவணியில் ஓரிடம் மட்டும் ஏனைய பகுதியினும் மிகுதியாக ஈஸ்திரஜனுக்கு இணங்கி, புரொஜெஸ்தரோனின் அடக்குதலுக்குச் சரிவர இணங்காது வளருமாயின், அது உரியகாலத்தில் உதிராது நின்று மேலும் பெருக்கிறது. சுரப்பிகளும், அவற்றைத் தாங்கும் இழையமும், நடுவே தடித்த சுவருடைய குருதிக்கலங்களும் கொண்ட அம்முளையே தசைமுளையாம். சில காம்புடையன, சில அகன்ற அடியோடு படிந்திருப்பன. சில மில்லிமீற்றர் அளவிலிருந்து சில சதமமீற்றர் வரை வளரும். ஒன்றே இருத்தலும் உண்டு. பல இருத்தலும் உண்டு. கருப்பைச் சுவரின் தசையிலிருந்து எழும் பைபுரொயிட்டு எனப்படும் தசைநார்க் கட்டி வேறு, இது வேறு. ஊரார் இரண்டையும் 'வயிற்றுக் கட்டி' என ஒன்றாக்கிப் பேசுவதால், ஒருவர்க்குச் செய்த சிகிச்சையை மற்றவர் தமக்கும் உரியதென எண்ணி மயங்குகின்றனர்.

இம்முளை உடையார் பலர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிப்பர். அறிகுறி தோன்றுமிடத்து அது பெரும்பாலும் குருதிப்போக்கே. ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் இடையே சிறிது குருதி காணல், மாதவிடாய் நாள் நீளல், போக்கு மிகுதல், மாதவிடாய் முற்றாக நின்று ஆண்டு பல கழிந்தபின் மீண்டும் குருதி காணல் என்பன அவை. சிலர்க்குக் கருத்தங்காமையே முதற் குறியாகும்.

பெரும்பாடு என்னும் சொல் நம் சித்த வைத்திய மரபில் உண்டு. மிகுந்த குருதிப்போக்கைக் குறிக்கும் அப்பெயர் நோயின் குறியைச் சொல்லுகின்றதேயன்றி, அதன் காரணத்தைச் சொல்லவில்லை. அது மரபின் குறையன்று. கருப்பையின் உள்ளே நோக்கும் கருவி மேலைநாட்டார்க்கும் அண்மைக் காலம்வரை வாய்க்கவில்லை. அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று நூலொன்றைப் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரால் 1857 இல் தமிழாக்கி வெளியிட்டார். பெண்ணுடலைப் பற்றிய வைத்தியக் கல்வியைத் தமிழில் எழுதுதல் நம் வடபுலத்தில் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த வழக்கம் என்பதை, 'இவற்றையெல்லாம் தமிழிலே எழுதலாமா' என வினவுவார் நினைவிற் கொள்வாராக. இன்று காரணம்பற்றியே குருதிப்போக்கை வகுக்கின்றனர். 2011 இல் உலக மகப்பேற்று, பெண்நோயியற் சங்கம் வகுத்த ஒன்பது காரணங்களுள் முதலாவதாக நிற்பது இத்தசைமுளையே.

இனி, யார்க்கு இது மிகுதியும் வருகிறது என்பதை நோக்குவாம். பூப்பெய்தாத சிறுமியர்க்கு வருவது மிக அரிது. அகவை ஏற ஏற வாய்ப்பும் ஏறுகின்றது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பருவத்திலேயே பெரிதும் காணப்படுகின்றது. உடற்பருமன் மற்றொரு காரணி. உடலிற் சேர்ந்த கொழுப்பு வெறுமனே கிடப்பதில்லை; பிற ஓமோன்களை ஈஸ்திரஜனாக மாற்றும் தொழிலை அது செய்கின்றது. சூலகம் ஓய்ந்தபின்னும் பருத்த உடலில் ஈஸ்திரஜன் ஊறுவது இதனாலேயே. அதனை அடக்கப் புரொஜெஸ்தரோன் அப்போது இல்லை. உயர் குருதியமுக்கம் உடையாரிடத்தும் தசைமுளை மிகுதியாகக் காணப்படுகின்றது. நீரிழிவையும் சிலர் சேர்ப்பர். உடற்பருமனை நீக்கிப் பார்க்கும்போது அத்தொடர்பு அத்துணை உறுதியாக நிற்பதில்லை.

மருந்தால் வருவதும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார் பலர் தமொக்சிபென் என்னும் மாத்திரையை ஐந்தாண்டு, சிலர் பத்தாண்டு உட்கொள்ளுகின்றனர். அம்மருந்து மார்பகத்தில் ஈஸ்திரஜனைத் தடுக்கின்றது. கருப்பையிலோ ஈஸ்திரஜனைப் போலவே தொழிற்படுகின்றது. ஓரிடத்துக் காவலாய் நிற்பது மற்றோரிடத்துத் தூண்டுகோலாவது வியப்பே. ஆதலின் அம்மாத்திரை உட்கொள்வார் ஒரு துளி குருதி கண்டாலும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். ஆயின், அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுதல் கூடவே கூடாது. அம்மாத்திரை தரும் நன்மை இத்தீங்கினும் பன்மடங்கு பெரிது. 2011 இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறைவரை பல்லாயிரவர் நடந்து திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, வடபுலத்தார்க்கு அச்சிகிச்சையை அருகிற் கொணர்ந்துள்ளது. அம்மாத்திரையின் இப்பக்கவிளைவை அறியவேண்டியோர் தொகையும் அதனோடு கூடிற்று. மாதவிடாய் நின்றபின் ஓமோன் மருந்து கொள்வார்க்கும், பெருங்குடற் புற்றும் கருப்பைப் புற்றும் வழிவழியாக வரும் குடும்பத்தார்க்கும் இவ்வெச்சரிக்கை உரியது.

தலைமன்னாரிலும் பேசாலையிலும் கருவாடு காயவைக்கும் பெண் விடியுமுன் எழுந்து பொழுதுபடும்வரை குனிந்து நிமிர்பவள். அவளுக்கு உடற்பருமன் ஏது என வினவலாம். அவ்வுழைப்பு உடையார் ஒருசாரார். நாற்பது கடந்தபின் வீட்டினுள் அமர்ந்து, மூன்று வேளையும் சோறும் பிட்டும் சீனித் தேநீருமாய் வாழ்வார் மற்றொரு சாரார். பின்னவர் தொகை தீவிலும் பெருநிலத்திலும் ஆண்டுக்காண்டு பெருகுவதைக் கண்ணுடையார் யாவரும் காண்பர். ஆசிரியைமாரும் இதற்கு விலக்கல்லர்.

நிற்க, நம்மவர்க்கே உரிய ஒரு தடையை ஈண்டுக் கூறியாகவேண்டும். மாதவிடாய் நாளில் துடக்கு எனக் கோயிலுக்குச் செல்லாமை சைவ மகளிர் வழக்கம். மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தில் மகாசிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் முகந்து சென்று சிவலிங்கத்துக்குத் தம் கையாலேயே அபிடேகம் செய்யும் பேறு அடியவர்க்கு உண்டு. அதற்காக ஆண்டு முழுதும் காத்திருப்பார் பலர். எனக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர்—ஊரும் பேரும் ஈண்டு வேண்டா—ஐம்பத்தாறு அகவையில், மாதவிடாய் நின்று நாலாண்டு சென்றபின், மீண்டும் சிறிது சிறிதாகக் குருதி கண்டார். அதனைத் துடக்கெனவே கொண்டு இரண்டு சிவராத்திரிக்குக் கோயில் செல்லாதிருந்தார். காரணம் கேட்டார்க்குக் காலுளைவு என்றார். 'தம்பி, இது வயதுக் கோளாறு. இதை ஏன் வெளியிலே சொல்லுவான்?' என்பதே, உண்மை வெளிப்பட்டபின் அவர் என்னிடம் கூறியது. இடையில் ஒரு மருந்தகத்தில் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தனர். குருதிச்சோகைக்கு அது மருந்தே. குருதி ஏன் போகின்றது என்பதற்கு விடையன்று. முடிவில் அவர் கருப்பையில் இருந்தது இரண்டு சதமமீற்றரளவான தசைமுளை. அதனை அகற்றினர்; சோதனையிற் புற்று இல்லையெனத் தெரிந்தது. அவர் நல்லூழ் உடையார். அதே இரண்டாண்டுக் காலத்தில் அங்கே வளர்ந்தது புற்றாக இருந்திருப்பின், முதல் மாதத்திற் குணமாகியிருக்கக்கூடியது இருபத்துநாலாம் மாதத்திற் கைகடந்திருக்கும்.

துடக்கைக் காத்தல் வேண்டுமா, வேண்டாவா என்னும் வாதத்தில் யான் ஈண்டுப் புகவில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். துடக்கு என்பது கணக்குடையது. இத்தனை நாளுக்கொருமுறை வரும், இத்தனை நாள் நிற்கும், இந்த அகவையில் ஓயும் என அதற்கு ஒரு கணக்கு உண்டு. அக்கணக்குத் தப்பினால் அது நோயின்பாற்படும். கோயில் நாளைக் கருதிப் பஞ்சாங்கத்தோடு தம் நாளையும் எண்ணிவைக்கும் நம் மகளிர், தம்மை அறியாமலே வைத்தியர் கேட்கும் முதல் வினாவுக்கு விடையை எழுதி வைத்துள்ளனர். அந்நாட் குறிப்பை வைத்தியரிடம் கொண்டுசென்றாற் பாதித் தொழில் முடிந்தது.

இனி நோயை உறுதிசெய்யும் முறை. கையாற் பரிசோதித்து இம்முளையை அறிதல் இயலாது. கருப்பைக் கழுத்தின் வாயில்வரை நீண்டு தொங்கினாலன்றிக் கண்ணுக்கும் புலனாகாது. முதற் சோதனை ஸ்கான். கிளாஸ்கோ நகரின் பேராசிரியர் இயன் டொனால்ட், உலோகத்தில் வெடிப்பைக் கண்டறியும் ஒலிக்கருவியைக் கொண்டு பெண்களின் வயிற்றினுள் இருப்பதை அறியும் முறையை 1958 இல் வெளியிட்டார். ஆழ்கடற் படகில் மீன்கூட்டத்தையும் கடலடியையும் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் அறிகிறார்கள் அன்றோ? அதே நெறிதான். கருவியை யோனிவழியாக உட்செலுத்திப் பார்க்கும்போது கருப்பை மிக அணித்தாதலின் படம் தெளிவாகும். மாதவிடாய் முடிந்தவுடன், அதாவது முதற் பத்து நாளுக்குள், இதனைச் செய்வித்தல் நன்று. பின்னாளில் அகவணி தடித்துவிடுமாகையால் முளை அதனுள் மறையும். மணமாகாத மகளிர்க்கு இம்முறையை மேற்கொள்ளாது, சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வயிற்றின் மேலாக ஸ்கான் செய்வர். இதனை அறியாது அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடும் பெண்கள் உளர்.

மாதவிடாய் நின்றபின் குருதி கண்டார்க்கு அகவணியின் தடிப்பையும் அளப்பர். அது நாலு மில்லிமீற்றருக்கு மேற்படாதிருப்பின் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆயின் குருதி மீண்டும் மீண்டும் காணுமாயின் அவ்வளவை நம்பி வாளாவிருத்தல் தகாது. ஐயம் எஞ்சுமிடத்துக் கருப்பையினுள் சிறிது உப்புநீரைச் செலுத்தி ஸ்கான் செய்யும் முறையும் உண்டு. நீர் இரு சுவர்களையும் விலக்க, இடையே முளை தனித்துத் தெரியும். வற்றுப்பெருக்குக் கடலிலே நீர் ஏறியதும் படிந்துகிடந்த பாசி நிமிர்ந்து நிற்பதை ஒக்கும்.

எல்லாவற்றினும் உறுதியானது கண்ணாற் காண்பதே. உடலின் உட்புறத்தை ஒளிகொண்டு நோக்கும் கருவியைப் பிராங்க்பர்ட் நகர வைத்தியர் பொசினி அமைத்து 1807 இல் அதனைப் பற்றி நூல் எழுதினார். பாரிசில் தெசோர்மோ 1853 இல் அதனைத் திருத்தினார். தப்ளின் நகரத்துக் குறூஸ் பின்னும் திருத்தினார். குறூஸின் கருவியைக் கொண்டே பந்தலியோனி என்பார் 1869 இல், மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கால் வருந்திய அறுபது அகவைப் பெண்ணொருத்தியின் கருப்பையினுள் நோக்கி, அங்கே முளை ஒன்றைக் கண்டு, வெள்ளி நைத்திரேற்றால் அதனைச் சுட்டார். கருப்பை அகநோக்கியின் வரலாற்றிலே முதற் பதிவாகக் கொள்ளப்படுவது இதுவே. அதாவது, அக்கருவி கருப்பையினுள் முதன்முதற் கண்ட நோயே இக்கட்டுரையின் பொருளான தசைமுளையாம்! எனினும் ஒளியும் வில்லையும் திருந்த மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

இன்றைய அகநோக்கி சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது. வயிற்றிற் கீறலின்றி, கருப்பைக் கழுத்தின் வழியாகவே உட்செல்லும். உப்புநீரால் கருப்பை விரிய, வைத்தியர் திரையிற் பார்த்துக்கொண்டே முளையின் அடியைச் சிறு கத்தரியால் வெட்டி எடுப்பர். பெரிதாயின் மின்கம்பி வளையத்தாலோ, அரிந்து உறிஞ்சும் கருவியாலோ அகற்றுவர். சிறிய முளைகளை மயக்கமருந்தின்றியே அகற்றுதலும் உண்டு. பெரும்பாலார் அன்றே வீடு திரும்புவர். கருப்பைச் சுவர் துளைபடல், கிருமி தொற்றல், செலுத்திய நீர் உடலில் மிகுதியாய்ச் சேர்தல் என்னும் இடர்கள் உளவெனினும் அவை அரியன.

இதற்கு முன் வழங்கியதும், கருவி வாயாதவிடத்து இன்னும் வழங்குவதுமான முறை, கருப்பையைக் காணாமலே சுரண்டியெடுத்தல். காம்பிலே தொங்கும் முளை சுரண்டுகருவி பட்டதும் விலகி வழுவிவிடும். கருவி அதனைத் தடவிச் சென்று பக்கத்து அகவணியைக் கொணரும். 'சுரண்டி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் இரத்தம் நிற்கவில்லை' எனக் கூறும் பெண்ணின் முறைப்பாட்டைப் பொய்யென்று தள்ளலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

கண்ட முளையை எல்லாம் எடுத்தே ஆகவேண்டுமென்பதில்லை. ஒரு சதமமீற்றருக்குக் குறைந்ததாய், குறி எதுவும் காட்டாததாய், மாதவிடாய் நில்லாதாரிடத்து உள்ளதாயின் பார்த்திருக்கலாம். அத்தகையவற்றுள் நாலில் ஒன்றளவு ஓராண்டில் தாமே மறைவதும் உண்டு. குருதிப்போக்கு உடையார்க்கும், மாதவிடாய் நின்றபின் குருதி கண்டார்க்கும், மகப்பேறு வேண்டி நிற்பார்க்கும் அகற்றுதலே முறை. பிள்ளையில்லாக் குறையைப் பெண்ணின்மேலே சுமத்தி, நேர்த்திக்கடனில் ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்கள் பின்வருவதைக் கவனிக்கத்தகும். மத்ரித் நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று 2005 இல் வெளிவந்தது. விந்தைக் கருப்பையுட் செலுத்தும் சிகிச்சைக்கு முன் முளையை அகற்றப்பெற்றாருள் நூற்றுக்கு 63 பேரும், அகற்றப்பெறாதாருள் நூற்றுக்கு 28 பேரும் கருவுற்றனர் என அது காட்டிற்று. அகற்றப்பெற்றாருள் பலர் அச்சிகிச்சை தொடங்குமுன்னரே கருவுற்றமை மேலும் கருதற்பாலது.

புற்றுநோய் பற்றிய அச்சத்தையும் அளவறிந்து கொள்ளல் வேண்டும். தசைமுளைகளுள் மிகப்பல தீங்கற்றவையே. மாதவிடாய் உள்ள பருவத்தாரிடத்து எடுத்தவற்றுள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவானவற்றிலும், மாதவிடாய் நின்றாரிடத்து எடுத்தவற்றுள் நூற்றுக்கு ஐந்தளவானவற்றிலும் புற்றோ அதன் முன்னிலையோ காணப்படுகின்றது என்பது பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010 இல் கண்ட முடிவு. குருதிப்போக்கு உடையாரிடத்து அவ்வீதம் கூடும். நூற்றுவரில் தொண்ணூற்றைவர் அஞ்சவேண்டியதில்லை என்பதும், அவ்வைவர் யாவர் என்பதை முளையை நுணுக்குக்காட்டியில் நோக்காது எவரும் கூறவியலாது என்பதும் ஒருங்கே மெய்.

நம் மாவட்டத்து நிலைமைக்கு வருவோம். மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மடு, மாந்தை மேற்கு என ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகள் இங்குண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சார்பில் நடைபெறும் சுகவனிதையர் சிகிச்சை நிலையம் இந்நாட்டில் 1996 இல் தொடங்கியது. முப்பத்தைந்து அகவை நிரம்பிய மகளிரை அழைத்துக் குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகச் சோதிக்கும் அரிய ஏற்பாடு அது. ஆயின் ஆங்கு செய்யும் கருப்பைக் கழுத்துச் சோதனை கழுத்துக்கே உரியது. கருப்பையினுள் இருக்கும் முளையை அது காட்டாது. 'கிளினிக்கில் பார்த்தாயிற்று, குறையில்லை' என்னும் நம்பிக்கையோடு குருதிப்போக்கை மறைத்துவிடுதல் இதனாலேயே பிழையாகின்றது. அங்குள்ள உத்தியோகத்தரிடம் குருதிப்போக்கை வாய்விட்டுக் கூறினால், மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியற் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும் கடிதம் கிடைக்கும். வீடுதோறும் வரும் குடும்பநல உத்தியோகத்தர் கருப்பிணியரை மட்டும் காண வருபவர் அல்லர். பாட்டிமாரும் அவரிடம் பேசலாம்.

தூரமும் ஒரு தடையே. பெருஞ் சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் செல்வார்க்கு 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் பூநகரி வழியைக் குறுக்கித் தந்தது. ஆயினும், முசலியின் தென்கோடியிலிருந்து புறப்படும் பெண்ணுக்கு ஒருநாட் கூலி போகும். துணைக்கு வருபவர் கூலியும் போகும். முதற்பயணத்தை அவள் எவ்வாறோ செய்துவிடுவாள். இரண்டாம் பயணத்தையே கைவிடுகின்றாள். முளையை அகற்றியதும் குருதி நின்றுவிடும். நின்றதும் வீட்டு வேலையும் கடற்றொழிலும் அவளை இழுத்துக்கொள்ளும். எடுத்த துண்டு ஆய்வுகூடம் சென்று அறிக்கை வரச் சில கிழமை செல்லும். அறிக்கையைப் பெற்று வைத்தியரிடம் காட்டும் நாளில் அவளை அழைத்துச் செல்லவேண்டியவர் வீட்டார். அறிக்கையைக் காட்டியபின் அதனைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பேணுக; இம்முளை மீண்டும் முளைப்பதுண்டு, அப்போது வேறு வைத்தியர் ஒருவர் முதலிற் கேட்பது அத்தாளையே.